யோபுவின் கதையைச் சொன்ன தளபதி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்புறமாகச் செல்லும் சாலையில், ஆலைப்புகை படிந்து கறுத்த வேப்பமரங்களைக் கடந்து சென்றால், ஓட்டு வீடுகளும் ஒற்றையறைக் கான்கிரீட் வீடுகளுமாக ஒரு தெரு வரும். சில மாதங்களுக்கு முன்பு, ஒரு மாலைப் பொழுதில், எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் நால்வர் அத்தெருவில் ஒரு வீட்டிற்குச் சென்றோம். இரவு முறை வேலைக்குச் சென்ற அவ்வீட்டுத் தலைவர், தாம் வேலை செய்த இரும்பாலையில் நேர்ந்த விபத்தில் உயிர் நீத்து அன்று ஒன்பதாம் நாள். வயது முப்பத்தெட்டு. பிள்ளைகள் இருவர், மூத்தவன் ஏழாம் வகுப்பு, இளையவள் மூன்றாம் வகுப்பு. சுவரில் திரு இருதயப் படம். அதன் கீழே நாற்காலியொன்றில் மாலை சூட்டிய புகைப்படம்.

செபமாலை முடிந்தது. வழக்கம்போல் ஆறுதல் மொழிகள் தொடங்கின. "எல்லாம் தேவ சித்தம், தங்கச்சி. தமக்குப் பிரியமானவர்களை ஆண்டவர் சீக்கிரமே அழைத்துக்கொள்வார்" என்றார் எங்களுள் மூத்தவர். தாங்க முடியாத சிலுவையை ஆண்டவர் எவர் தோளிலும் வைப்பதில்லை என்றார் அடுத்தவர். அடுத்து நான் பேச வேண்டிய முறை. என் நாவிலும் அதே வகையில் ஒரு வாக்கியம் ஆயத்தமாகவே இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குள் அந்தப் பெண் தலை நிமிர்ந்தார். குரலில் சினமில்லை, அழுகையுமில்லை. கடைக்காரரிடம் கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார்: "என் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கக் கூடாது என்பது தேவ சித்தமா, ஐயா? அப்படியென்றால் நான் யாரிடம் போய் அழுவது?"

நால்வரும் வாய் திறவாமல் திரும்பினோம். ரயில்வே கேட்டில் வண்டிக்காகக் காத்து நின்ற நேரத்திலும் எவரும் எவரோடும் பேசவில்லை.

துன்பத்தில் இறைவனின் நோக்கம் யாது என்னும் வினா நமக்குப் புதியதன்று. மறையுரைகளில் கேட்டிருக்கிறோம், தவக்காலத் தியானங்களில் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறோம். ஆயினும், கேள்வியாகக் கேட்பவர் எதிரே அமர்ந்திருக்கும்போது அக்குறிப்பேடு உதவுவதில்லை. ஏன்?

நம் வட்டாரத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11. ஆயுத பூசை விடுமுறை நாளின் இரவு. மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்றுகொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டை நிலையத்தில் நேர்த் தடத்தை விட்டுப் பக்கத் தடத்துக்குள் புகுந்து, அங்கு நின்றிருந்த சரக்கு ரயிலின்மீது மோதியது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்த காட்சியைக் கண்டவர் எவரும் பிணங்களை எண்ணவேண்டி வரும் என்றே அஞ்சினர். காயமுற்றோர் பலர், ஆனால் ஓருயிரும் போகவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலியில் நாம் நன்றி கூறினோம். அது தகும், முறையும் ஆகும்.

ஆனால் அதற்குப் பதினாறு மாதங்களுக்கு முன், 2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்துப் பாகாநாகா பஜார் நிலையத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே அன்றோ? சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அங்கும் பக்கத் தடத்துக்குள் புகுந்தது. அங்கும் ஒரு சரக்கு ரயில் நின்றிருந்தது. அங்கே 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் பிற்பகலில் நம் ஊர் நிலையத்தைக் கடந்து சென்றிருக்க வேண்டிய வண்டி அது. அதில் பயணம் செய்தவர்களுள் பலர் தென்னாட்டு ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் கூலி தேடி வந்த ஏழைகள். கவரைப்பேட்டையில் இறைவன் காத்தார் என்றால், பாகாநாகாவில் அவர் எங்கிருந்தார்? அங்கு இறந்தவர்கள் நம்மைவிடப் பாவிகளா?

இக்கேள்வியை நான் புதிதாகப் புனையவில்லை. லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரே இதை எழுப்புகிறார். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தி அன்று எருசலேமெங்கும் பேசப்பட்டது. அவர்கள் மற்றவரைக் காட்டிலும் குற்றவாளிகள் என எண்ணுகிறீர்களோ என வினவி, இல்லவே இல்லை என்று தாமே விடையளிக்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னார்; அவ்வளவே. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டபோதும், இரண்டுமில்லை என்றே கூறினார். பிறகு கீழே உமிழ்ந்து, சேறு உண்டாக்கி, அந்த மனிதனின் கண்களில் பூசினார்.

பழைய ஏற்பாட்டில் இதே வினாவுக்காகவே ஒரு முழு நூல் உண்டு. யோபு நூலைப் பொறுமையின் கதை என்று கேட்டே பழகியிருக்கிறோம். உண்மையில், அதன் நாற்பத்திரண்டு அதிகாரங்களுள் பொறுமையான யோபு இருப்பது முதலிரண்டு அதிகாரங்களில் மட்டுமே. அதன்பின் அவர் தம் பிறந்த நாளைச் சபிக்கிறார், இறைவனோடு வழக்காடுகிறார், என்மேல் சுமத்தும் குற்றம் என்ன, எடுத்துக் காட்டும் என்கிறார். அவருடைய நண்பர்களான எலிப்பாசு, பில்தாது, சோப்பார் ஆகிய மூவரும் தொலைவிலிருந்து வந்து, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் கூறாமல் அவருடன் தரையில் அமர்ந்திருந்தனர். அம்மூவரும் செய்தவற்றுள் சிறந்தது அதுவே எனலாம். எட்டாம் நாள் வாய் திறந்தார்கள். திறந்த வாய் மூடவில்லை. நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும், இல்லையேல் இறைவன் இவ்வாறு செய்யமாட்டார் என்பதே அவர்களுடைய நீண்ட பேச்சின் சாரம். கடவுளுக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டே நண்பனைக் குத்தினார்கள்.

முடிவில் இறைவன் பேசும்போது யாரைக் கடிந்துகொள்கிறார் என்று பாருங்கள். வழக்காடிய யோபு தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினார் என்றும், தமக்காக வாதாடிய நண்பர்கள் சரியாகப் பேசவில்லை என்றும் தீர்ப்பளிக்கிறார். அந்த ஒன்பதாம் நாள் மாலையில் நாங்கள் எந்த வரிசையில் அமர்ந்திருந்தோம் என்பது அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்று. விண்ணகத்தில் நடந்த உரையாடலை நூலைப் படிக்கும் நாம் அறிவோம். யோபுவுக்கு அது கடைசிவரை தெரிவிக்கப்படவே இல்லை. தாம் ஏன் துன்புற்றோம் என்பதை அறியாமலேயே அவர் சாகிறார். அவருக்குக் கிடைத்தது விளக்கமன்று, இறைவனின் திருமுன்னிலை. இழந்த ஆடுகளுக்கு ஈடாக 14,000 ஆடுகளும், ஒட்டகங்கள் 6,000-மும் திரும்பக் கிடைத்தன என்பது உண்மையே. பிள்ளைகளும் பத்துப் பேர் பிறந்தனர். ஆனால், புதிய பத்துப் பிள்ளைகளால் பழைய பத்துப் பேரை மறந்துவிட முடியும் என்று எந்தத் தாயும் ஒப்பமாட்டாள்.

இந்த யோபுவின் கதை நம் தமிழ் மண்ணில் ஒருவருக்குச் சொல்லப்பட்டு, அவருடைய வாழ்வையே மாற்றியது. சொன்னவர் குருவானவர் அல்லர், ஒரு போர்க்கைதி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவரான யுஸ்டாக்கியஸ் தெலனாய், 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டவர். அந்தக் கம்பெனி நமக்கு அயலானதன்று. பழவேற்காட்டில் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டி, அதைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்து வாணிகம் செய்தது அதுவே. அக்கம்பெனிக்காகக் கடல் கடந்து வந்தவர், தம்மைச் சிறைப்படுத்திய மன்னனுக்கே படை பயிற்றும் பணியில் அமர்ந்தார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். சொந்த ஊரை மீண்டும் பார்க்காமலே 1777-இல் இறந்து, அக்கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்டன் அவருக்கு நண்பரானார். நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-இல் பிறந்தவர், வசதியான குடும்பம், மனைவி பார்கவி. ஒரு காலகட்டத்தில் அவருடைய கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, செல்வம் கரைந்தது. என்ன குற்றம் செய்தோமோ, எந்தத் தெய்வத்தின் சினமோ என்று வாடிய முகத்தோடு வந்த நண்பரிடம் தெலனாய் யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று அவர் வாக்களித்ததாக அம்மரபு கூறவில்லை. துன்பம் பாவத்தின் கூலியாகவே இருக்க வேண்டியதில்லை, நல்லவனும் துன்புறுவான், அவனை இறைவன் கைவிடுவதில்லை என்பதே அக்கதையின் பொருள். தாமே தோற்று, சிறைப்பட்டு, நாடிழந்தவர் வாயிலிருந்து அது வந்தமையால்தான் நீலகண்டனின் நெஞ்சில் தங்கியிருக்க வேண்டும் என்பது என் துணிபு. பிற்காலத்தில் இதே தெலனாய் தம் இளம் மகனைப் போர்க்களத்தில் பறிகொடுத்தார். உதயகிரியில் தந்தையும் மகனும் அடங்கியிருக்கின்றனர்.

1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகள் நீலகண்டனுக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்னும் பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயரிட்டார். பார்கவி ஞானப்பூ ஆனார்.

இனித் துன்பங்கள் நீங்கின என்று எழுத முடிந்தால் எழுதுவதற்கு எளிதாக இருக்கும். நடந்ததோ நேர்மாறு. சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார், உடனிருந்து உண்டார். அரண்மனையில் உயர்நிலையில் இருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. அரச துரோகக் குற்றஞ்சாட்டி 1749 பிப்ரவரி 23-இல் அவரைக் கைது செய்தனர். எருமையின்மீது ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். நாள்தோறும் கசையடி. புண்களில் மிளகாய்ப் பொடி. தாகத்துக்குத் தேங்கிக் கிடந்த அழுக்கு நீர். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தோடு சங்கிலியால் பிணைத்து மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிறுத்தினர். அவ்வாறு ஏறக்குறைய மூன்றாண்டுகள். 1752 ஜனவரி 14-ஆம் நாள் இரவு ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். எலும்புகளை மக்கள் பொறுக்கி எடுத்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். 270 ஆண்டுகளுக்குப் பின், 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினருள் புனிதர் நிலை எய்திய முதல்வர் அவரே. அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தையும் திருச்சபை அப்போது நீக்கிவிட்டது. அவர் உயிரோடிருந்தபோதே விட்டெறிந்ததை நாம் நீக்குவதற்கு இத்தனை காலம் பிடித்தது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

வாசகர்களே, இந்த வாழ்வில் இருவகைத் துன்பங்கள் உள்ளன என்பதைக் கவனியுங்கள். கால்நடை மடிந்ததும் பயிர் கெட்டதும் அவர் கேளாமல் வந்தவை. பெருவிளை வேப்பமரமோ, ஒரு சொல் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது. தாம் உடனிருந்து உண்ட எளியோரைக் கைவிட மறுத்தமையால் அதை ஏற்றார். முதல் துன்பத்திற்குக் காரணம் அவருக்கும் கடைசிவரை தெரியாது. இரண்டாவதற்குக் காரணம் நன்றாகத் தெரியும்: அவர் கொண்ட விசுவாசமும் அன்பும். நாம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எல்லாத் துன்பத்தையும் சிலுவை என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைத் தேவ சித்தம் என்று அழைப்பது பாவம் என்றே நான் கருதுகிறேன். பழவேற்காட்டில் 1515-இல் போர்ச்சுகீசியர் காலத்தில் எழுந்த மகிமை மாதா ஆலயத்திற்கு நம்முள் பலர் திருயாத்திரை செல்கிறோம். அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும். வணிகர்களின் பெயர்கள் அங்கே கற்களில் அழகுறப் பொறிக்கப்பட்டுள்ளன. 17-ஆம் நூற்றாண்டில், பஞ்சத்தில் வாடி விலைபோன ஏழைகளை, அதே துறைமுகத்திலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. அவர்கள் துன்புற்றது இறைவனின் திட்டம் என்று யார் சொல்லத் துணிவார்? அது மனிதனின் பேராசை. எகிப்தில் அடிமைகளின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்த இறைவனின் சித்தம், அவர்கள் விடுதலை பெற வேண்டும் என்பதாகவே இருந்தது.

அந்த இரும்பாலை விபத்தையும் இவ்வொளியில் பார்க்க வேண்டாவா? பாதுகாப்புக் கவசம் இருந்ததா? பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து நின்றவரையே மீண்டும் இரவு முறைக்கு அழைத்தார்களா? ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் அவர் பெயர் ஒழுங்காக இருந்ததா? தேவ சித்தம் என்ற ஒரு சொல் இத்தனை கேள்விகளையும் வாயடைத்துவிடுகிறது. இதனால் ஆறுதல் பெறுபவர் கைம்பெண் அல்லர். கணக்குக் காட்ட வேண்டியவர்கள்தாம். பணியின்போது இறந்த தொழிலாளி இ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு பெற்றவராயின், அவரைச் சார்ந்திருந்த மனைவி மக்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காட்டுக் கணக்கில் மாதந்தோறும் உதவித் தொகை உண்டு என்பதுகூட எங்களுள் ஒருவருக்கும் அன்று தெரியாது. செபமாலைச் செபங்களோ நால்வருக்கும் மனப்பாடம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1981-இல் தம்மைத் துளைத்த குண்டுகளின் வேதனையை அறிந்தவர், 1984 பிப்ரவரி 11-இல் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருள் குறித்து ஒரு திருத்தூது மடல் வரைந்தார். யோபுவின் துன்பம் மாசற்றவரின் துன்பம், அதைத் தண்டனை எனக் கொள்ளலாகாது என அதில் தெளிவுறுத்துகிறார். கிறிஸ்துவின் பாடுகளில் நம் துன்பங்களும் பங்குபெறும் மறைபொருளைப் புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதியதன் வழிநின்று விரிவாக ஆராய்கிறார். என் கவனத்தைக் கவர்ந்தது அம்மடல் எங்கே போய் முடிகிறது என்பதே. நல்ல சமாரியனைப் பற்றிய பகுதியோடு அது நிறைவை நெருங்குகிறது. அடிபட்டுக் கிடந்தவனிடம் சமாரியன் காரணம் கேட்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான். சாவடிக்காரனுக்குச் செலவுப் பணம் கொடுத்தான். துன்பம் உலகில் இருப்பது அன்பைக் கட்டவிழ்ப்பதற்கே என்பது போன்ற ஒரு கருத்தைத் திருத்தந்தை அங்கே முன்வைக்கிறார்.

இதை எழுதும்போதே ஒரு தயக்கம் எழுகிறது. தேவசகாயத்தின் புனிதர் நிலைக்கு ஏற்கப்பட்ட புதுமை, தாயின் வயிற்றில் இதயத்துடிப்பு நின்றுபோன சிசு மீண்டும் துடித்ததாகும். அச்செய்தியைக் கேட்டு மகிழ்ந்தோம். அதே வேண்டுதலைச் செய்தும், அந்தத் துடிப்பு மீண்டு வராத தாய்மாரும் நம் பங்குகளில் உண்டு. அவர்களுடைய செபம் குறைவானதா? அவர்களுடைய விசுவாசம் கடுகளவுக்கும் சிறியதா? அல்லவே அல்ல. கெத்சமனித் தோட்டத்தில் துன்பக் கிண்ணம் அகல வேண்டும் என்று மன்றாடிய திருமகனுக்கும் அது அகலவில்லை.

கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு மூதாட்டியை அறிவேன். 1990-இல் கைக்குழந்தையோடு படகேறி வந்தவர். அந்தக் குழந்தைக்கே இன்று பிள்ளைகள் உண்டு. ஊர், வீடு, கணவர், குடியுரிமை என்று எதுவும் அவருக்கு இரு மடங்காகத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகஸ்டு 15-இல் மடு மாதா திருநாளன்று தம் அறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். அந்த இரும்பாலைத் தொழிலாளியின் வீட்டுக்கு, நாங்கள் சென்று திரும்பிய மறுநாள் முதல், யாரும் சொல்லாமலே காலையில் போய்ப் பிள்ளைகளுக்குத் தலைவாரி, சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர்தாம் என்பது எங்களுக்குப் பின்னர் தெரியவந்தது. அவர் அங்கே என்ன ஆறுதல் சொன்னார் என்று விசாரித்தேன். "ஒன்றும் சொல்லவில்லை, தம்பி. அவ அழுதா, நானும் கூட இருந்து அழுதனான்" என்றார்.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றோம். இம்முறை கையில் விண்ணப்பப் படிவங்கள் இருந்தன. இறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்க இரண்டு மணி நேரமாயிற்று. எங்களுள் மூத்தவர், முன்பு சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தார்.

பேச்சு எப்படியோ தேவசகாயத்தின்பால் திரும்பியது. தெலனாய், யோபு, வேப்பமரம், காற்றாடிமலை என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அவருடைய வீட்டுக்காரம்மா என்ன ஆனார்கள், ஐயா?" என்றார்.

இத்தனை முறை இவ்வரலாற்றைக் கூறியிருக்கிறேன். அதை யாரும் கேட்டதில்லை. கணவர் கொல்லப்பட்டபின் ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் வாழ்ந்து, அங்கேயே இறந்து, அடக்கமானார் என்பது மரபு என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அங்கே போக எந்த ரயில்?" என்று கேட்டார். எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறி, வள்ளியூரில் இறங்க வேண்டும் என்றேன். மகனைக் கூப்பிட்டு, அவனுடைய கணக்கு நோட்டின் பின்னட்டையில் அந்த ஊர்ப் பெயரை எழுதச் சொன்னார்.